சகலையின் காந்தம்

என் அத்தானுக்குப் பொறாமை பிறவிக்குணம். அடுத்தவனைக் கெடுக்கிற பொறாமை இல்லை அது, தன்னையே போட்டு வறுத்தெடுக்கிற பொறாமை. ஒருமுறை காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரருக்கு இவரைவிட ஒரு டிகிரி கூடுதல் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அத்தானுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தத் தெர்மாமீட்டரே சரியில்லை என்று சாதித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் வீட்டுக்காரரை. தங்கையின் வீட்டுக்காரர் எனக்கு மாப்பிள்ளை. சகலைகள் இரண்டு பேரும் வேதியியல் படித்தவர்கள், ஒரே ஆய்வகம், பக்கத்துப் பக்கத்து மேசை. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் நான் என்.எம்.ஆர். கருவி ஓட்டுகிறேன். மாடியில் இவர்கள் எதைச் செய்தாலும், அது என்ன பொருள் என்று தெரிய, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி என்னிடம் கொண்டுவந்தாக வேண்டும். கருவி கோடு போட்டுக் காட்டிவிடும். ஆகையால் அன்றைக்கு எந்த சகலை ஜெயித்தார், எந்த சகலை தோற்றார் என்பது அவரவர் பெண்டாட்டிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒரு மச்சான் யாருக்கும் வாய்க்கக் கூடாது.

அத்தான் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் நிறுவனம் கைப்பேசித் திரைகளுக்கு நீலமாக ஒளிரும் பொருள் செய்கிறது. அந்தப் பொருளில் கரி அணுக்கள் ஆறாறாகச் சேர்ந்து வளையமாகி, வளையத்தோடு வளையம் ஒட்டி, குளியலறைத் தரையில் ஓடு பதித்த மாதிரி பரவிக் கிடக்கும். அப்படி ஒரு தரையை உண்டாக்க முதலில் ஆல்கைன் வேண்டும். இரண்டு கரி அணுக்கள் ஒன்றையொன்று மூன்று பிணைப்பால் இறுக்கிப் பிடித்திருக்கும் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். அதைச் சின்ன வளையம் ஒன்றின் ஓரத்தில் சரியான இடத்தில் ஒட்டிவைத்துவிட்டால், பிறகு கொஞ்சம் தூண்டினால் போதும், அது தானாக மடிந்து அடுத்த வளையமாக மூடிக்கொள்ளும். ஒட்டவைக்கிறதுதான் பெரும்பாடு. அத்தானின் ஆயுசில் பாதி அதிலேயே போயிற்று.

வளையத்தையும் ஆல்கைனையும் சேர்த்துவைக்கும் கல்யாணத் தரகர், பல்லேடியம் என்கிற உலோகம். செம்பு அவருக்கு எடுபிடி. குடுவைக்குள் காற்று மட்டும் புகுந்துவிட்டால் குடி கெட்டது. ஆல்கைன், வளையத்தை அம்போவென்று விட்டுவிட்டு, இன்னொரு ஆல்கைனோடு ஜோடி சேர்ந்துகொள்ளும். அத்தானுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. ஆர்கான் வாயுவை விட்டு அவர் காற்றை விரட்டுகிற பொறுமையைப் பார்த்தால், இதே மனிதரா ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவரை முறைக்கிறார் என்று தோன்றும். வீட்டு வாசலிலேயே அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அக்காவின் சட்டம். அவர் புழங்கும் அமீன் என்கிற திரவம் அப்படி நாறும், அழுகின மீன் தோற்றது. அந்த நாற்றத்தோடேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

இவர் வேலையில் ஒரே ஒரு குறை. கல்யாணம் முடிந்த பிறகும் தரகர் வீட்டைவிட்டுப் போகமாட்டார். செய்த பொருளில் துளி பல்லேடியம் தங்கினாலும் திரையில் ஒளி மங்கும். அதைக் கழுவிக் கழுவி எடுக்கவே பாதிச் செலவு. பல்லேடியமே இல்லாமல் ஒட்டவைக்க ஒரு வழி கிடைத்தால் தேவலை என்று மேலே எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தானும் முயன்றார். வரவில்லை.

மாப்பிள்ளையை ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே அத்தான்தான். பையன் கெட்டிக்காரன், கை சுத்தம் என்று பெரியவரிடம் சிபாரிசு செய்தார். எங்கள் பிரிவுத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவருக்கு மேசை ஒதுக்கும்போது, மூத்தவர் ஒருவர் தன் இழுப்பறையிலிருந்து பழைய குடுவை, புனல், கிடுக்கி, குடுவைக்குள் போட்டுச் சுழலவிடுகிற காந்தக் குச்சி என்று ஒரு பெட்டி நிறையக் கொடுப்பார். மாப்பிள்ளைக்குப் பெட்டி கொடுத்ததும் அத்தான்தான். அதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. நம்ம சின்னவளுக்கு இந்தப் பையனையே பார்க்கலாமே என்று வீட்டில் பேச்செடுத்ததும் அவரே. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு அவர் நின்ற போட்டோ அக்கா வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. அதில் அத்தான் வாயெல்லாம் பல்.

அந்தப் பல் உள்ளே போக அதிக நாள் ஆகவில்லை. அதுவரை எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் ஒரே ஒருவர்தான். இப்போது அம்மா பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்தாள். பெரிய என்றால் வயசானவர் என்று அர்த்தமாம், அத்தான் சொன்னார். சின்ன மாப்பிள்ளை குழாய் ரிப்பேர் செய்கிறார், சின்ன மாப்பிள்ளை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகிறார், சின்ன மாப்பிள்ளை சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறார். கடைசியாகச் சொன்ன விஷயம் அக்காவின் காதில் விழுந்த அன்றைக்கு அத்தான் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை.

மாப்பிள்ளை தலைக்கனம் பிடித்தவராக இருந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அவர் தங்கமான மனிதர். எதற்கெடுத்தாலும் அண்ணே அண்ணே என்று வந்து நிற்பார். அந்தப் பணிவைப் பார்த்தாலே அத்தானுக்கு வயிறு எரியும்.

இந்த நிலைமையில்தான் அது நடந்தது. ஒருநாள் மாப்பிள்ளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு குடுவையில் எல்லாவற்றையும் போட்டு, பல்லேடியத்தை மட்டும் போடாமல் வைத்தார். வேலையே செய்யக் கூடாத குடுவை அது. செய்துவிட்டது. செம்பு மட்டுமே ஆல்கைனைக் கொண்டுபோய் வளையத்தில் ஒட்டியிருந்தது. நான்தான் கோடு எடுத்தேன், சுத்தமோ சுத்தம். மாப்பிள்ளை நம்பாமல் திரும்பத் திரும்பச் செய்தார். பெரியவரே ஆய்வக அங்கியை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் மேசையில் நின்று தன் கையால் செய்து பார்த்தார். வந்தது. பொருளில் பல்லேடியம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். கருவிக்கு எட்டுகிற அளவுக்கு இல்லை. ஆய்வகத்தில் கைதட்டினார்கள். அத்தானும் தட்டினார். ஒரு கையில் கையுறை இருந்ததால் சத்தம் வரவில்லை.

பெரியவர் ஓய்வுபெற இருந்த நேரம் அது. அந்த நாற்காலி அடுத்து தனக்குத்தான் என்று அத்தான் வெகுகாலமாக நம்பியிருந்தார். நாங்களும் நம்பினோம். அக்கா அந்த அறை ஜன்னலுக்குத் திரை என்ன நிறம் என்றுகூடக் கேட்டு வைத்திருந்தாள். இப்போது பேச்சு மாறியது. செம்பு முறையை ஆலையில் பெரிய எஃகுத் தொட்டியில் ஏற்றப் போகிறார்கள், அது மட்டும் வந்துவிட்டால் நாற்காலி சின்னவருக்கு என்று கேன்டீன் வரைக்கும் பரவிவிட்டது. தன் கையால் சேர்த்துவிட்டவன், தன் சகலை, தனக்கு மேலே உட்கார்ந்து தன் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவான் என்பதை அத்தானால் ஜீரணிக்கவே முடியவில்லை. சோறு இறங்கவில்லை. மெலிந்தார்.

மெலிந்தவர் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையின் முறையைத் தன் மேசையில் புதுக் குடுவை, புதுக் காந்தக் குச்சி வைத்துச் செய்து பார்க்க ஆரம்பித்தார், எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று. என்னிடம் குழாய் குழாயாக வந்தன. ஒன்றிலும் ஒட்டவில்லை. வளையம் போட்டது போட்டபடி கிடந்தது, ஆல்கைன்கள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்திருந்தன. காற்று புகுந்திருக்கு அத்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மாடியில் சின்னப் பசங்கள், வயசாச்சு, கை நடுங்குது போல என்று பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. மாப்பிள்ளையிடம் போய்க் கேட்டிருக்கலாம். தலையே போனாலும் கேட்கமாட்டார்.

தங்கையின் குழந்தைக்கு அம்மை போட்டு மாப்பிள்ளை லீவில் இருந்த நாட்களில் ஒருநாள் அத்தான் அவருடைய மேசைக்கே போய்விட்டார். அவருடைய செம்பு, அவருடைய கரைப்பான், அவருடைய அமீன் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தன் குடுவையில் போட்டுப் பார்த்தார். ஊகூம். கடைசியில் கழுவிக் கவிழ்த்திருந்த மாப்பிள்ளையின் குடுவையையே, உள்ளே கிடந்த காந்தக் குச்சியோடு எடுத்துவந்து செய்தார். ஒட்டிக்கொண்டது. என் அறைக்கு ஓடிவந்தார். கோட்டைப் பார்த்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

எவ்வளவு எரிச்சலிலும் அத்தான் முறையை விடமாட்டார். அடுத்த நாள் மாப்பிள்ளையின் குடுவையில் புதுக் காந்தத்தைப் போட்டார், வரவில்லை. புதுக் குடுவையில் மாப்பிள்ளையின் காந்தத்தைப் போட்டார், வந்தது. அந்தக் குச்சியைத் துணியில் வைத்து என் முன்னால் நீட்டினார். வெள்ளை டெஃப்லான் பூச்சு கீறிக் கீறிச் சொரசொரத்து, கீறலுக்குள் சாம்பல் கறுப்பாகக் கறை ஏறியிருந்தது. ஒரு முனையில் பல்பட்ட மாதிரி வடு. அந்த வடு எப்போது பட்டது என்றே அவருக்குத் தெரியும். குச்சி அவருடையது. அவர் கொடுத்த பெட்டியில் போனது. வருஷக்கணக்காக அத்தானின் குடுவைகளில் சுழன்று அவருடைய பல்லேடியத்தைக் கீறலில் ஊறவைத்துக்கொண்டது. எவ்வளவு கழுவினாலும் போகாமல், மாப்பிள்ளையின் குடுவையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அதை ராசியான குச்சி என்று வேறு எதையும் தொடாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மேசையில் பெரியவர் செய்தபோதும் அதே குச்சிதான் சுழன்றிருக்கிறது. அந்தத் துளிப் பல்லேடியம்தான் இத்தனை கல்யாணமும் பண்ணிவைத்தது, பெயர் செம்புக்குப் போய்விட்டது.

ஆலைத் தொட்டியில் காந்தக் குச்சி கிடையாது. எஃகுத் துடுப்புதான் சுழலும். அங்கே ஒன்றும் ஒட்டப் போவதில்லை. பீப்பாய் பீப்பாயாகக் கொட்டுகிற சரக்கு அத்தனையும் பாழ். மாப்பிள்ளையின் பெயரும் அதோடு சேர்ந்து பாழ்.

நான் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன். அத்தான் காந்தத்தைக் கழுவித் துடைத்தார். இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கப் போவதாகச் சொன்னார்.

"நான் வாயே திறக்கப் போறதில்ல மச்சான். நீயும் திறக்காதே. தொட்டி ஏறட்டும். அப்புறம் யாருக்கு நாற்காலின்னு பாக்கலாம்."

"உங்க மச்சினிச்சி புருஷன் அத்தான் அவர்."

"அது எனக்குத் தெரியாதா? பார்த்து முடிச்சதே நான்தானே."

நான் என்ன செய்வது? ஒரு தங்கை, ஒரு அக்கா. எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் ஒருத்தி வீட்டு வாசல் எனக்கு மூடிவிடும். தொட்டி ஏறுவதற்கு முந்தின நாள் வரைக்கும் அவருக்கு அவகாசம் கொடுத்துப் பார்ப்போம், சொல்லாவிட்டால் நாமே சொல்லுவோம் என்று மனசுக்குள் முடிவுசெய்துகொண்டேன். அத்தானோ ஆளே மாறிப்போனார். நன்றாகச் சாப்பிட்டார். குளியலறையில் பாடினார். அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போனார். மாப்பிள்ளையைப் பார்த்து, எப்படிப் போகுது தம்பி, நல்லாப் போகுதா என்று தானாக விசாரித்தார். இவருக்கு என்ன ஆச்சு என்று அக்கா என்னிடம் கவலையோடு கேட்டாள்.

திங்கட்கிழமை தொட்டி ஏறுவதாக இருந்தது. ஞாயிறு மதியம் தங்கை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அன்று சாயங்காலம் பேசிவிடுவது என்று நானும் தயாராகத்தான் போயிருந்தேன். அத்தான் நல்ல சட்டை போட்டு வந்தார். மாப்பிள்ளை தன் கையாலேயே அவருக்குப் பரிமாறினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாதான் ஆரம்பித்தாள். அவள் மனசில் ஒரு கள்ளமும் கிடையாது, வாயில் அளவும் கிடையாது.

"பெரிய மாப்பிள்ளை, நீங்களும் அந்த முறையை இவர்கிட்ட கேட்டுக் கத்துக்கலாம்ல? இதுல என்ன வெக்கம், வீட்டுப் பிள்ளைதானே."

அத்தான் அதையும் மென்று முழுங்கினார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை, பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அண்ணனுக்குத் தெரியாததா அத்தை? எனக்கு என்னமோ கைராசி, வந்துடுச்சு."

அத்தான் தட்டைத் தள்ளினார்.

"கைராசியா? அந்த மேக்னட் என்னோடது. அதுல ஊறிக் கெடக்கறது என்னோட பல்லேடியம். உன் செம்பு ஒரு மண்ணும் செய்யல. நாளைக்குத் தொட்டியில ஏத்திப் பாரு, தெரியும் உன் கைராசி."

என்னைத் தவிர யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கெட்ட வார்த்தை ஏதோ சொல்லிவிட்டார் என்று மட்டும் அம்மாவுக்குத் தோன்றியது. தங்கை எழுந்து நின்றுவிட்டாள். பொறாமைக்கும் ஓர் அளவு வேண்டும் அத்தான் என்றாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மட்டும் கோபப்படவில்லை. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு யோசித்தார்.

"எந்த மேக்னட்ண்ணே? முனையில வடு இருக்கே, அதா?"

"அதேதான்."

மாப்பிள்ளை எழுந்து கைகழுவினார். சாவியை எடுத்தார். மூன்று பேரும் ஆய்வகத்துக்குப் போனோம்.

இரண்டு குடுவைகள் வைத்தார் மாப்பிள்ளை, ஒன்றில் பழைய குச்சி, ஒன்றில் உறை பிரிக்காத புதுசு. பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்துத் தகட்டில் ஓடவிட்டு ஊதா விளக்கின் கீழே பிடித்தார். பழைய குச்சியின் பக்கம், ஒட்டினதற்கு அடையாளமாக, நீலமாக ஒரு பொட்டு எரிந்தது. மற்றதில் இருட்டு. அத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டி, பாத்தியா, பாத்தியா என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் பிள்ளைகள் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பழைய குச்சியை ராஜதிராவகத்தில் போட்டார். தங்கத்தையே கரைக்கிற அமிலம், கறையை விடுமா? திராவகம் நிறம் மாறியது. பிறகு அங்கேயே நின்றபடி பெரியவருக்குப் போன் செய்து, நாளைக்குத் தொட்டி வேண்டாம், என் முறை தப்பு என்று சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை. அதைக் கேட்டதும் அத்தானின் முகம் கொஞ்சம் மங்கிற்று. இவன் அழுவான் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

மறுநாள் எல்லோரையும் கூட்டினார்கள். மாப்பிள்ளை ஒளிக்காமல் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். திராவகத்தைச் சோதித்ததில் பல்லேடியம் வந்திருந்தது, அதையும் சொன்னார். தன் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். கடைசியில், இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அண்ணன்தான், அவர் இல்லாவிட்டால் அத்தனை சரக்கும் வீணாகியிருக்கும் என்று அத்தான் பக்கம் கையைக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. அத்தான் வெகுநாளாகக் காத்திருந்த கைதட்டல். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாற்காலி அன்றைக்கே அவருடையது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து, பேசாதீர்கள், பேசாதீர்கள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நேற்று இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டதே என்று. எழுந்து நின்றார்.

"நேத்து இல்ல, ஒரு சின்னத் திருத்தம். போன வாரமே கண்டுபிடிச்சுட்டேன். இவர் லீவுல இருந்தப்பவே."

கைதட்டல் நின்றது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வாரமேவா?"

அத்தான் ஆமாம் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சரக்கு வாங்கினது, பீப்பாய்கள் இறங்கினது, தொட்டியைக் கழுவினது எல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான். பெரியவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அறையில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் நாற்காலி மாப்பிள்ளைக்குப் போயிற்று. தன் தப்பைத் தானே வந்து சொல்கிற மனிதர்தான் தலைவராக இருக்கவேண்டும் என்று பெரியவர் விடைபெறும்போது பேசினார். ஆய்வகத்தில் பழைய காந்தக் குச்சிகளையெல்லாம் சேகரித்துத் தூக்கிப்போட்டார்கள். அத்தான் புதுக் குச்சியோடு தன் மேசைக்குத் திரும்பினார், தரகரையும் எடுபிடியையும் போட்டு எப்போதும்போல ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார். சுத்தமாகத்தான் வருகிறது. மாப்பிள்ளை இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார், விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட.

நாற்காலி மாப்பிள்ளைக்கு என்று செய்தி வந்த சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் சட்டையை வாசலில் கழற்றிப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா திட்டவில்லை. காபியைக் கொடுத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். அவர் பாதி குடித்ததும் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வாயை மூடியிருந்தா நாற்காலி உங்களுக்கு. திங்கக்கிழமை மூடியிருந்தாலும் உங்களுக்குத்தான். ரெண்டுல ஒரு நாள் மூடியிருக்கக் கூடாதா?"

"மூடிக்கிட்டு இருந்தா, அது என் பல்லேடியம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு அவன் என்ன செய்யப்போறான்?"

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். தெரிஞ்சாப் போதும்."